அடக்கி வாசித்தல்: பூ ராமுவின் நடிப்பை முன்வைத்து



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு தலைவரின் வாழ்க்கையையோ ஒரு நூலின் வரலாற்றையோ எடுத்துப் பேசுவது வழக்கம். நான் ஒரு குணச்சித்திர நடிகரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சுவரொட்டியில் முகம் வராதவர். படம் தொடங்கும்போது பத்தோடு பதினொன்றாகப் பெயர் ஓடி மறைந்தவர். தலித் இலக்கிய மேடையில் சினிமா நடிகருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம்.

"அடக்கி வாசி" என்கிறோம். இசைக்காரர்களின் பேச்சிலிருந்து ஊர்ப் பேச்சுக்கு வந்த தொடர் அது. பாடுகிறவரின் குரல் கேட்க வேண்டும், ஆகவே கொட்டுகிறவர் தணித்துக் கொட்ட வேண்டும் என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் பறையைத் தீயில் காய்ச்சி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியவர்களுக்கு இந்தத் தொடர் வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. இந்த முனை வரைக்கும்தான் அடி, அதற்கு அப்பால் அடங்கிப் போ என்று அது கேட்டிருக்கிறது. அடக்கம் என்ற சொல்லும் அப்படித்தான். பணிவுக்கும் அடக்கம், பிணத்தைப் புதைப்பதற்கும் அடக்கம். அதனால்தான் 'அடங்க மறு, அத்து மீறு' என்ற முழக்கம் தொண்ணூறுகளில் சேரிச் சுவர்களில் எழுதப்பட்டபோது, ஒரு தலைமுறையே அதைத் தன் வாயில் எடுத்துக்கொண்டது.

இந்தப் பின்னணியில் ஒரு சினிமா விமர்சகர் "என்ன அடக்கமான நடிப்பு" என்று பாராட்டினால் நம் காதில் அது உறுத்தத்தான் செய்யும். யார் அடங்கினார்கள், யாருக்காக அடங்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். பூ ராமு என்ற நடிகரை வைத்து அந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன். அடங்கிப் போவதும் அடக்கி நடிப்பதும் ஒன்றா?

அவர் பெயர் ராமு. 2008இல் சசி இயக்கிய 'பூ' படத்தில் நடித்த பிறகு பூ ராமு ஆனார். தமிழ் சினிமாவில் இது ஒரு நல்ல வழக்கம். வெண்ணிற ஆடை மூர்த்தி, நிழல்கள் ரவி, தலைவாசல் விஜய் என்று படத்தின் பெயர் ஆளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெயருக்குப் பின்னால் சாதியை வால்போல ஒட்டிய நாட்டில், பெயருக்கு முன்னால் செய்த வேலையை ஒட்டிக்கொள்வது எவ்வளவோ மேல். சினிமாவுக்கு வரும் முன் அவர் வீதி நாடகக்காரர். பிரளயன் நடத்திய சென்னைக் கலைக்குழுவிலும், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கலை இரவு மேடைகளிலும் வளர்ந்தவர். 2022 ஜூன் 27 அன்று சென்னையில் காலமானார். அவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதை நான் தேடவில்லை, அது என் பேச்சுக்குத் தேவையும் இல்லை. அவர் உடம்பில் யாருடைய வாழ்க்கை ஏறி நின்றது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

புதுக்கோட்டை மண்ணில் நின்று நடிப்பைப் பற்றிப் பேசும்போது பி. யூ. சின்னப்பாவைத் தாண்டிப் போக முடியாது. 1916இல் பிறந்து 1951இல் மறைந்த இந்த ஊர்க்காரர், பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் உருவானவர். 'உத்தமபுத்திரன்' படத்தில் 1940லேயே இரட்டை வேடம் போட்டவர். கம்பெனி நாடகத்தில் ஒலிபெருக்கியை நம்பித் தொழில் செய்ய முடியாது. கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும், முகத்தின் பாவம் தெரிய வேண்டும். ஆகவே குரலைத் தூக்கினார்கள், கையை விரித்தார்கள், புருவத்தை ஏற்றினார்கள். அந்தத் தொழில் அப்படியே சினிமாவுக்குள் வந்தது. அதன் உச்சத்தை 1952இல் 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியில் பார்த்தோம்.

அதை மிகை நடிப்பு என்று இன்றைக்குச் சிரிப்பது சுலபம். நான் சிரிக்க மாட்டேன். ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க அனுமதிக்கப்படாத மக்களுக்கு, ஒருவன் கூண்டில் நின்றுகொண்டு நீதிபதியைப் பார்த்து நீளமாகப் பேசுவதைக் கேட்பதே ஒரு விடுதலையாக இருந்தது. சத்தம் போடுவது நமக்கு அநாகரிகம் அல்ல, அது பறிக்கப்பட்டிருந்த ஒன்று. (ஜெமினி கணேசனும் புதுக்கோட்டையில் பிறந்தவர்தான். சத்தமில்லாத நடிப்புக்கும் இந்த ஊரில் மூத்தவர் உண்டு என்று யாராவது வாதாடலாம். ஆனால் அவர் தணிந்து பேசியது காதலிகளிடம். அது வேறு கதை.)

சத்தத்தின் காலத்தில் திரையில் ஒடுக்கப்பட்டவர் எங்கே இருந்தார் என்று பாருங்கள். கதாநாயகன் பக்கம் பக்கமாகப் பேசும்போது, கதவோரம் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். துண்டு கக்கத்தில், முதுகு வளைந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. பண்ணையாருக்காக உயிரைக் கொடுப்பார். அவருக்கு வசனம் குறைவு. அவரும் ஒரு வகையில் 'அடக்கமான' பாத்திரம்தான். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று படமும் கேட்காது, நடிக்கிறவரும் யோசிக்க வேண்டியதில்லை. உள்ளே எதுவும் இல்லாத அமைதி அது. இந்த விசுவாசமான வேலைக்காரனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூ ராமு நடித்த மனிதர்கள் பலர் அதே ஏழ்மையில், அதே வெயிலில், கிட்டத்தட்ட அதே துண்டோடு வருகிறார்கள். ஆனால் அந்த வேலைக்காரனோடு அவர்களைக் குழப்பிக்கொள்ள முடியாது. ஏன் என்பதுதான் நடிப்பின் சங்கதி.

வீதி நாடகத்தில் இருபது வருடம் கத்தியவர் சினிமாவில் எப்படி இவ்வளவு தணிந்தார் என்று பலருக்கு ஆச்சரியம். வீதி நாடகம் என்ன கற்றுக்கொடுக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியம் போய்விடும். பேருந்து நிலையத்தின் ஓரம், மில் வாசல், சந்தைத் திடல். மேடை இல்லை, திரை இல்லை, விளக்கு இல்லை, ஒப்பனை இல்லை. மக்கள் வட்டமாக நிற்பார்கள். குரல் பேருந்தின் ஹாரனை மீறிக் கேட்க வேண்டும், அது உண்மை. ஆனால் பார்ப்பவனின் முகம் ஒரு கை தூரத்தில் இருக்கும். மில் தொழிலாளியின் முன்னால் மில் தொழிலாளியாக நடிக்கும்போது, ஒரு பொய்யான அசைவு வந்தால் அந்த முகம் அப்போதே திரும்பிவிடும். சில பேர் நடந்தே போய்விடுவார்கள். அரைமணி நேரத்துக்குள் ஒரே ஆள் தொழிலாளியாகவும் போலீஸ்காரராகவும் அமைச்சராகவும் மாற வேண்டியிருக்கும். மாற்று உடை கிடையாது. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்தால் ஒரு ஆள், தலைக்குப் போனால் இன்னொரு ஆள். எது இல்லாவிட்டாலும் ஆள் புரியும், எது இல்லாவிட்டால் ஆள் புரியாது என்ற கணக்கு அங்கே கையில் படிகிறது. தேவையற்றது தானாக உதிர்கிறது.

கேமராவும் அந்தக் கை தூரத்தில் நிற்பதுதான். வட்டத்தின் முதல் வரிசையில் குந்தியிருக்கும் ஆளைப்போல அது பார்க்கிறது. குரலை ஒலிவாங்கி பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்த மறுநொடி, வீதி நாடகக்காரர் குரலைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டு வரலாம். நாடகத்திலிருந்து வந்த எல்லோரும் இதைச் செய்துவிடவில்லை. ராமு செய்தார்.

பிரேசில் நாட்டில் இதற்கு இணையாக ஒருவரைச் சொல்லலாம், ஓத்தோன் பாஸ்தோஸ். 1964இல் கிளாபர் ரோச்சா எடுத்த 'கறுப்புக் கடவுள், வெள்ளைச் சாத்தான்' படத்தில் வறண்ட நிலத்துக் கொள்ளைக்காரனாக வந்து, கேமராவுக்கு முன்னால் சுழன்று, கத்தி, மண்ணைக் கிளப்பியவர் அவர். 1998இல் வால்டர் சாலஸின் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' படத்தில் ஒரு லாரி ஓட்டுநராக வருகிறார். பணமில்லாமல் வழியில் நிற்கும் வயதான பெண்ணையும் சிறுவனையும் ஏற்றிக்கொள்கிறார். அந்தப் பெண் மெல்லத் தன் கையை அவர் கைமேல் வைக்கிறாள். வழியோர உணவகத்தில் அவள் எழுந்துபோன நேரத்தில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பயந்துவிட்டார். வசனமாக எதுவும் சொல்லப்படுவதில்லை. அந்த மனிதருக்குள் என்ன நடந்தது என்பது மட்டும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. 1964இன் கூச்சல் தெரிந்த ஆள் என்பதால்தான் 1998இன் மௌனத்துக்கு அவ்வளவு கனம். சத்தம் போடத் தெரியாதவனின் மௌனத்தை நடிப்பு என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

'பூ' சு. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையிலிருந்து பிறந்த படம். தங்கராசுவின் அப்பாவாக, ஊரார் பேனாக்காரர் என்று அழைக்கும் மனிதராக ராமு வருகிறார். மாரியின் காதல் நிறைவேறாமல் போவதற்கு அவரும் ஒரு காரணம். வழக்கமான படத்தில் இந்த அப்பா வில்லனாகியிருப்பார், அல்லது கடைசியில் மனம் திருந்தி அழுதிருப்பார். இங்கே இரண்டும் இல்லை. மகன் தன்னைப்போல ஆகிவிடக் கூடாது என்ற ஒரே வெறியோடு இருக்கும் ஏழைத் தகப்பன். அந்த வெறி தவறான இடத்துக்குப் போகிறது. நாம் அவரை வெறுக்கவும் முடிவதில்லை, மன்னிக்கவும் முடிவதில்லை.

அதன் பிறகு அவருக்கு வாய்த்தவை பெரும்பாலும் அப்பா வேடங்கள். சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை'யில் (2012) மீனவர் லூர்துசாமி. ராமின் 'தங்க மீன்க'ளில் (2013) கல்யாணியின் அப்பா. சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று' படத்தில் (2020) தங்கள் ஊரில் ரயில் நிற்க வேண்டும் என்று மனு மேல் மனு எழுதும் சோழவந்தான் ஆசிரியர். மாரி செல்வராஜின் 'கர்ண'னில் (2021) கர்ணனின் அப்பா. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்க'த்தில் காணாமல் போன சுந்தரத்தின் அப்பா. 'கிடா'வில் தாத்தா. ஒரே தகப்பனைத் திரும்பத் திரும்பச் செய்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. வரிசையாகப் பார்த்தால் அவர் அந்த ஆபத்தில் விழவில்லை என்பது தெரியும். மனு எழுதும் ஆசிரியரின் அமைதி, சட்டத்தின் மேல் நம்பிக்கை வைத்தவனின் பிடிவாதம். எழுதினால் ஒருநாள் பதில் வரும் என்று நம்புகிறவர், மகன் அந்தப் பாதையை ஏளனமாகப் பார்க்கும்போதும் பேனாவைக் கீழே வைக்காதவர். பொடியன்குளத்துத் தகப்பனின் அமைதி முற்றிலும் வேறு. அது பயம். பேருந்து நிற்காத ஊரில், மகன் ராணுவத்துக்குத் தேர்வாகித் தப்பித்துவிட மாட்டானா என்று எதிர்பார்க்கும் வீட்டின் பயம். 1995 கொடியங்குளத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பயத்தின் விலாசம் தெரியும். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு மௌனமும் ஒன்றல்ல.

'நீர்ப்பறவை' நம் மாவட்டத்தவருக்கு இன்னும் நெருக்கமாகப் படலாம். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் படகு ஏறியவர்கள் திரும்பி வரும் வரை வீடுகள் எப்படி இருக்கும் என்பதை இந்த அரங்கில் சிலராவது அறிந்திருப்பீர்கள். படத்தில் மகன் கடலில் சுடப்பட்டு இறக்கிறான். ஊருக்குச் சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே உடல் அடக்கம் செய்யப்படுகிறது. நான் முதலில் சொன்ன அந்தச் சொல் இங்கே தன் இரண்டு பொருளோடும் வந்து நிற்கிறது. உடலையும் அடக்கி, அழுகையையும் அடக்க வேண்டிய வீடு.

இனி 'பரியேறும் பெருமாள்' (2018). இந்தப் பேச்சே அந்தப் படத்தின் ஒரு அறையைச் சுற்றித்தான். நெல்லை சட்டக் கல்லூரிக்கு வரும் பரியனை நாம் அறிவோம். அதில் ராமு அப்பா இல்லை. கல்லூரி முதல்வர்.

முதல்வரின் அறை. மேசை. இந்தப் பக்கம் அடிபட்டு நிற்கும் மாணவன். தான் எங்கிருந்து வந்தவன் என்பதை முதல்வர் அவனிடம் சொல்கிறார். தன்னை விரட்டியவர்கள் இன்று தன்னை ஐயா என்று அழைக்கும் இடத்துக்குத் தான் வந்து சேர்ந்ததைச் சொல்கிறார். பரியனின் சண்டையைப் பற்றிச் சக ஆசிரியர் கேட்கும்போது, அறையில் தூக்கு மாட்டிக்கொண்டு சாவதைவிட அவன் சண்டை போடட்டும் என்ற பொருளில் பேசுகிறார். 2016 ஜனவரி 17க்குப் பிறகு, ரோகித் வெமுலாவின் மரணத்துக்குப் பிறகு, இந்தியாவின் எந்தக் கல்லூரி மாணவனும் அந்தச் சொற்களை வெறும் வசனமாகக் கேட்டிருக்க முடியாது.

எழுதிப் பார்த்தால் இது ஒரு பெரிய வசனம். கைதட்டலுக்கென்றே அமைந்தது. நூறு நடிகர்களிடம் கொடுத்தால் தொண்ணூறு பேர் எழுந்து நின்று, மேசையைத் தட்டி, கடைசிச் சொல்லில் குரலை உடைத்திருப்பார்கள். ராமு அதைத் தகவல் சொல்வதுபோலச் சொல்கிறார். நேற்று மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தனக்கு நடந்த அவமானத்தை அந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறை நினைக்கவில்லை. ஆயிரம் முறை நினைத்து, ஒவ்வொரு தடவையும் விழுங்கி, படித்து, வேலைக்கு வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆயிரத்தோராவது தடவை சொல்கிறவருக்குக் குரல் உடையாது. காயத்தின் மேல் தோல் கெட்டியாகிவிட்டிருக்கும். அந்தத் தோலைத்தான் அவர் நடிக்கிறார். காயத்தை நாம் கற்பனை செய்துகொள்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. எதிரில் நிற்கும் மாணவனுக்கு அந்த நேரத்தில் தேவை, தன்னோடு சேர்ந்து அழும் இன்னொரு ஆள் அல்ல. நாற்காலியில் உறுதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இங்கே இருக்கிறீர்கள். கல்லூரியில் அப்படி ஒரே ஒரு ஆசிரியர் கிடைத்ததால் படிப்பை முடித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அப்படி யாரும் கிடைக்காததால் பாதியில் போனவர்களையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதே படத்தில் இன்னொரு கலைஞர் இருக்கிறார். பரியனின் அப்பாவாக வரும் நெல்லை தங்கராஜ். பெண் வேடமிட்டு ஆடும் நாட்டார் கலைஞர். வாழ்க்கையிலும் அவர் அதுதான். 2023 பிப்ரவரியில் மறைந்தார். மாணவர்கள் அவரைத் துரத்தி வேட்டியை உருவ, நடுத் தெருவில் அவர் ஓடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஓட்டத்தில் மறைக்க எதுவும் இல்லை. உடம்பு முழுவதும் வெளியே கிடக்கிறது. அதை அடக்கி நடிக்கவும் முடியாது, நடித்திருந்தால் பொய்யாகியிருக்கும். முதல்வரின் மேசையும் தங்கராஜின் தெருவும் ஒரே படத்தில் இருப்பது தற்செயல் இல்லை. ஒருவரிடமிருந்து உடையைக்கூடப் பிடுங்க முடிகிற இடத்தில் ஓலம் வருகிறது. மேசை என்று ஒன்று கிடைத்த இடத்தில் குரல் தணிகிறது. ஆகவே தணிந்த நடிப்பு உயர்ந்தது, ஓலம் தாழ்ந்தது என்று ரசனைப் பட்டியல் போடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

இங்கே ஒரு சிக்கலைப் பேசியே ஆக வேண்டும். சோவியத் நாட்டின் தொடக்க காலத்தில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்ததாகச் சொல்வார்கள். ஒரு நடிகரின் சலனமற்ற முகம். அதன் அருகில் ஒரு கிண்ணம் சூப்பை வெட்டி ஒட்டினால், பார்ப்பவர்களுக்கு அந்த முகத்தில் பசி தெரிந்தது. சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம் தெரிந்தது. முகம் மாறவே இல்லை. அருகில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டு நாமே நிரப்பிக்கொள்கிறோம். அடக்கிய நடிப்பின் பலம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. நடிகர் பாதியைக் காலியாக விடுகிறார், பார்க்கிறவர் தன்னிடம் இருப்பதைப் போட்டு நிரப்புகிறார்.

ஆனால் பார்க்கிறவரிடம் என்ன இருக்கிறது? சாதி இருக்கிறது. ஒடுக்கப்பட்டவரின் அமைதியான முகத்தைப் பார்த்ததும், "பாவம், எவ்வளவு நல்ல மனுஷன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினானா பார்" என்று நிரப்பிக்கொள்ளும் கண்கள் இந்த நாட்டில் நிறைய உண்டு. மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது அவர்களுக்குப் பழக்கம். அந்தப் பழைய வேலைக்காரப் பாத்திரத்தை உண்டாக்கியதே அந்தக் கண்கள்தான். ஆகவே ஒரு தலித் பாத்திரத்தை அடக்கி நடிப்பது, ஒரு நகரத்து நடுத்தர வர்க்கப் பாத்திரத்தை அடக்கி நடிப்பதைவிட ஆபத்தான வேலை. கொஞ்சம் பிசகினால் எதிரியின் கணக்கில் வரவாகிவிடும்.

ராமு பிசகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் அவர், இன்னொரு காரணம் படங்கள். முதல்வரின் அமைதிக்குப் பக்கத்தில் ரயில் தண்டவாளத்தில் கட்டப்பட்ட கருப்பியின் சாவு இருக்கிறது, அவமானப்படுத்தப்பட்ட பரியனின் உடம்பு இருக்கிறது. சூப்புக் கிண்ணத்தையா சவப்பெட்டியையா, எதைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. நடிகரின் பங்கு வேறு. ராமுவின் மனிதர்கள் எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்கிறார்கள். கேட்டது உள்ளே போய் எங்கோ தட்டுவது தெரிகிறது, வெளியே வருவது தாமதமாகிறது. அந்தத் தாமதத்தில்தான் ஆள் இருக்கிறான். வேலைக்காரன் உடனே தலையாட்டுவான், அவனுக்குத் தாமதம் கிடையாது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒருவன் யோசிப்பது தெரிந்துவிட்டால், அவனிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த அமைதியைச் சம்மதம் என்று யாரும் எழுதிக்கொள்ள முடியாது.

'நண்பகல் நேரத்து மயக்கம்' இதற்கு நல்ல உதாரணம். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளப் பயணி ஒருவர் வழியில் ஒரு தமிழ்க் கிராமத்தில் இறங்கி நடக்கிறார். ஒரு வீட்டுக்குள் போய், காணாமல் போன மகன் சுந்தரம்தான் தான் என்பதுபோல வாழத் தொடங்குகிறார். படம் நெடுகப் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் ஏதாவது ஒரு வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சத்தமான சினிமா பின்னணியில் ஓட, முன்னணியில் ராமு உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒருவன் அப்பா என்கிறான். மகன் இல்லை என்று தெரியும். மகனாக இருந்துவிட்டால் என்ன என்ற ஆசையும் வீட்டுக்குள் எழுந்துவிட்டது. விரட்டவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் ஒரு கிழவர். மம்மூட்டி தமிழ் பேசி, ஆடி, சண்டையிட்டு நடிக்கும் அந்தப் படத்தில், நடப்பது கனவல்ல, ஒரு வீட்டின் துக்கம் என்று நம்மைத் தரையில் இறக்குகிறவர்களில் ராமு முக்கியமானவர்.

அந்தப் படம் 2023 ஜனவரியில் திரையரங்குகளுக்கு வந்தபோது அவர் இல்லை. 'கிடா' 2022 நவம்பரில் கோவா திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமாவில் திரையிடப்பட்டபோதும், மறு ஆண்டு தீபாவளிக்கு வெளியானபோதும் அவர் இல்லை. வாழ்நாளெல்லாம் யாரோ ஒரு கதாநாயகனுக்கு அப்பாவாக இருந்தவர் 'கிடா'வில்தான் கதையின் நடுவில் நிற்கிறார். பேரனுக்குத் தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்ட தாத்தா. வீட்டில் இருக்கும் ஒரே சொத்து ஒரு கிடா. அதுவும் சாமிக்கு நேர்ந்துவிட்டது, பேரன் ஆசையாய் வளர்ப்பது. விற்க வேண்டும், வாங்க ஆள் இல்லை. இவ்வளவுதான் கதை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத ஏழையின் கூச்சத்தை, கடன் கேட்டு ஒருவர் வீட்டு வாசலில் நிற்கும்போது உடம்பு எப்படிச் சற்றே சிறியதாகிறது என்பதை, அதில் பாருங்கள். கடன் கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும், கேட்க வந்ததை முதலில் கேட்க மாட்டோம். மழையைப் பற்றிப் பேசுவோம்.

கடைசியாக, இங்கே இருக்கும் மாணவர்களில் கைப்பேசியில் குறும்படம் எடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2022 டிசம்பர் இறுதியில், இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொல்லப்பட்ட பிறகு, தொட்டி மேல் ஏறிப் பார்த்தார்கள். வழக்கு எங்கெங்கோ போனது, அதைப் பற்றிப் பேச வேறு மேடைகள் இருக்கின்றன. நான் கேட்பது நடிப்பைப் பற்றி. ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வருகிற ஆளை நீங்கள் படம் எடுக்க வேண்டும். ஏணியின் கடைசிப் படி. கீழே ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது. நேற்று வரை அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். அவர் என்ன செய்வார்?

தலையில் அடித்துக்கொண்டு கதறுவார் என்று எழுதுவது எளிது. தொலைக்காட்சிக் கேமரா கேட்பதும் அதைத்தான். ஒன்றும் பேசாமல் போய் உட்காருவார் என்று எழுதினால் கலைப்படம் ஆகிவிடும், விழாவுக்கு அனுப்பலாம். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவர் கீழே நிற்பவர்களில் யாருடைய முகத்தை முதலில் பார்ப்பார் என்று முடிவு செய்யுங்கள். கையை எங்கே துடைப்பார். தண்ணீர் கேட்டு ஒரு குழந்தை வந்தால் என்ன சொல்வார். எவ்வளவு நேரம் கழித்துச் சொல்வார்.

எழுதிக் கொண்டுவாருங்கள். மதிய உணவுக்குப் பிறகு பயிற்சி அரங்கில் நடித்துப் பார்ப்போம்.